என் மகன் வாங்கிய பூச்சியம்

பிலோமினாவுக்குப் பதினெட்டு, என் மகன் றெஜிக்குப் பூச்சியம். எல்சி இதைப் பேக்கரி வாசலில், பாண் கியூவில் வைத்துச் சொன்னாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். ஆனால் கியூவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

“என்ன மச்சாள், றெஜிக்கு ஒண்டும் விழேல்லையாம்? எங்கட பிலோவுக்குத்தான் வகுப்பிலயே ஆகக் கூட. அளக்கிற ஐயா நம்பாமல் திருப்பியும் வைச்சுப் பாத்தவராம்.”

“ஓம், சந்தோசம்” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

எல்சி என் கணவர் றொபேட்டின் தங்கை. பிலோமினா அவளுடைய ஒரே பிள்ளை. சீனக்குடாவில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். பிலோவும் றெஜியும் ஒரே வயது, ஒரே வகுப்பு. வாசிப்பில் பிலோ முதலாம் பிள்ளை, கணக்கில் பிலோ முதலாம் பிள்ளை, கோயில் திருநாளில் பூத் தூவவும் பிலோவைத்தான் கூப்பிடுவார்கள். இதெல்லாம் போதாதென்று இப்போது கையிலும் அவள்தான் முதலாம் பிள்ளை.

கை என்றால் ஊசி போட்ட கை. திருகோணமலை நகரத்திலிருந்து சுகாதாரப் பகுதியினர் ஜீப்பில் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். முதலில் பிள்ளைகளின் தோளைப் பார்த்து, பழைய தடுப்பூசித் தழும்பு உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை ஒரு பக்கமும் நிறுத்தினார்கள். பிறகு இடது முன்னங்கைத் தோலில் துளி மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்து, அந்த இடத்தை விரலால் தடவி, ஊசி போட்ட இடம் தடித்திருந்தால் சின்ன அடிமட்டம் ஒன்றை வைத்து அளந்து, ஒருவர் எண்ணைச் சொல்ல இன்னொருவர் எழுதினார். யாருக்கு எவ்வளவு என்று வகுப்பு முழுக்கக் கேட்டது. எதற்காக என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வாத்தியாரும் கையைச் சொறியக் கூடாது என்றதோடு நிறுத்திக்கொண்டாராம்.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருகிற எண் எதுவானாலும் அது புள்ளிதான். அன்று பின்னேரமே தாய்மார் கிணற்றடியில் கூடிவிட்டார்கள். திரேசம்மாவின் மகனுக்கு ஆறு. ஆறு என்றாலும் பரவாயில்லை, சித்தியடைய இன்னும் கொஞ்சம்தான் வேண்டும் என்று அவளைத் தேற்றினார்கள். பூச்சியம் வாங்கியவர்களைப் பெடியன்கள் ‘முட்டை, முட்டை’ என்று தெருவெல்லாம் கத்தினார்கள். அதிக புள்ளி எடுத்தவர்களை ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் பிடித்து, ஒரு பை பால்மாவும் கொடுத்து அனுப்புவார்கள் என்று கதை வந்தது. ஒரு றாத்தல் பாணுக்கு விடியற்காலையில் எழும்பி நிற்கிற காலம் அது. நன்றாக எடுக்காத பிள்ளைக்கு எவன் ஜீப்பும் பால்மாவும் கொடுப்பான்?

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை மூடி மறைத்துக் கதைக்கிற பழக்கம் எனக்கில்லை.

பால்மாவுக்காக மட்டும் எரியவில்லை. அன்று வேலை முடிந்து வந்த என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? பிலோவை மடியில் தூக்கி வைத்து, சட்டைப் பையிலிருந்து தோடம்பழ இனிப்பை எடுத்து ஒவ்வொன்றாக அவள் வாயில் போட்டார். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த றெஜியிடம், “நீ என்ன, முட்டையோடா?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. றெஜி என் தையல் மெசினுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு அழவும் வெட்கம்.

இவர் என்னைக் கட்டியபோது என் சீதன வீட்டுக்குத்தான் குடிவந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. எல்சியின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராத அந்த வருசத்திலிருந்து இவர் பாதி ஆள் அந்த வீட்டுக்காரர் ஆனார். பிறகு முக்கால் ஆள். வேலியில் ஆள் நுழைந்து போகக் கடப்பு ஒன்று வெட்டினார். பின்னேரம் என் படலையைத் திறந்துதான் வருவார், சைக்கிளை என் முற்றத்தில்தான் நிறுத்துவார். தெருவுக்குத் தெரிவது அவ்வளவுதான். கை கால் கழுவியதும் கடப்புக்குள்ளால் நுழைந்து தங்கை வீட்டு விறாந்தைக்குப் போய்விடுவார். சாப்பாடு அங்கே. பிலோவுக்குச் சோற்றைக் குழைத்து உருட்டித் தீத்துவது அங்கே. பாய் விரிப்பதும் அங்கேதான். பிலோ அவருடைய நெஞ்சில் தலை வைத்துத்தான் தூங்குவாள்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். “தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?”

“தகப்பன் இருக்கிற பிள்ளை ஒண்டு இஞ்ச இருக்கு. அதை ஆர் பாக்கிறது?”

“பெடியனைக் கொஞ்சினால் பழுதாப் போவான்.”

இதற்கு மேல் என்ன கதைப்பது? வெளியில் யாரிடம் சொல்வது? விதவையையும் அவள் பிள்ளையையும் பார்க்கிற மனிசனைத் தெரு முழுக்கப் புகழும். குறை சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்ற பெயர் எனக்குத்தான் வரும். ஆகவே அவர் என் வீட்டில்தான் படுக்கிறார் என்று தெருவுக்கும் சொன்னேன், கோயில் சுவாமியாருக்கும் சொன்னேன்.

அவருடைய இருமலைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை அவள். தேயிலைத் தூசி நெஞ்சில் பிடித்துவிட்டது என்று அவர் சொல்லுவார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் கசக்கிறது என்று முற்றத்தில் ஊற்றுவார். எல்சி ஆடாதோடையை அவித்துக் கொடுத்தால் மடக் மடக்கென்று குடிப்பார். “அண்ணாவின்ர இருமலுக்கு என்ர கைமருந்துதான் சரி” என்று கிணற்றடியில் அவள் பெருமை அடிப்பாள். கொத்தமல்லியைவிட ஆடாதோடை கசப்பு என்பது எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, அந்தப் பூச்சியத்துக்கு வருகிறேன். அதை நான் சும்மா விடவில்லை. மற்ற வகுப்புகளை அளக்க ஜீப் மறுநாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. றெஜியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தையற்காரியான எனக்கு அளவைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆள் நிமிர்ந்து நின்றால் ஓர் அளவு, கூனி நின்றால் ஓர் அளவு. அளக்கிறவன் அவசரப்பட்டால் இரண்டும் பிழை.

அளக்கிறவர் சரீப் என்ற கிண்ணியாக்காரர். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாதி கமலேஸ்வரி மிஸி, வெள்ளைச் சீருடையில்.

“ஐயா, நேற்று என்ர பிள்ளையின்ர கையை நீங்கள் வடிவாப் பாக்கேல்லை” என்றேன். “அவன் கூச்சக்காரன். கையை மடக்கிக்கொண்டு நிண்டிருப்பான். திருப்பி அளவுங்கோ.”

அவர் றெஜியின் கையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரல் நுனியால் மெல்லத் தடவினார். தோல் வழவழவென்று இருந்தது. ஊசி போட்ட அடையாளமே தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

“பூச்சியம்தான், தங்கச்சி.”

“ஒண்டு ரெண்டாவது போடக் கூடாதோ?”

அவர் மிஸியைப் பார்த்தார். மிஸி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழைப் பெடியன் என்றால் உங்களுக்கு இளக்காரமோ, மற்றப் பிள்ளைக்கு இரண்டு தரம் அளக்கத் தெரிந்தது, இவனுக்குத் தெரியவில்லையோ என்று சத்தம் போட்டேன். சரீப் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

“இரிங்க தங்கச்சி. பூச்சியம் எடுத்ததுக்குச் சண்டைக்கு வந்த மொத உம்மா நீங்கதான். இது பரீட்சை இல்ல. ஒங்கட புள்ளைக்கி நல்ல விசயம் இது. சயரோகக் கிருமி உடம்புக்குள்ள போயிருந்தாத்தான் இந்த எடம் தடிக்கும். ஒங்கட மகன்ட உடம்புல அது இன்னும் போகல்ல.”

“அப்ப பதினெட்டு?”

“போயிரிக்கு. நோய் வருத்தம் வந்திட்டுதெண்டு அர்த்தமில்ல. உள்ள தூங்கிக்கிட்டுக் கிடக்கலாம். அதுக்குத்தான் படம் எடுத்துப் பாக்கிறது.”

“வருத்தக்காரர் இருமுறது பெரியாக்கள்தானே? பிள்ளையளின்ர கையை என்னத்துக்கு அளக்கிறியள்?”

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. அடிமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “பெரியாள்ட கை தடிச்சா அது எப்பயோ நாப்பது வருசத்துக்கு முந்திப் புடிச்சதா இரிக்கலாம். ஏழு வயசுப் புள்ளைக்கி அப்பிடி இல்லியே. பொறந்த பொறகு புடிச்சதுதான். அப்ப இந்த ஊருல இப்ப எவ்வளவு வருத்தம் ஓடுதெண்டு புள்ளைகள்ட கைதான் எங்களுக்குச் சொல்லும். எந்த ஊருக்கு மருந்து, எந்த ஊருக்குத் தடுப்பூசி எண்டு அத வெச்சித்தான் முடிவு.”

கமலேஸ்வரி மிஸி இப்போது சிரிக்கவில்லை. “பதினெட்டு எண்டால், அந்தப் பிள்ளைக்குக் கிட்ட ஆரோ பெரியாள் ஒருத்தர் கனகாலமா இருமிக்கொண்டு இருக்கிறார் அக்கா. சும்மா றோட்டில போறவரா இருக்காது. ஒரே வீட்டில, கிட்டக் கிட்டப் படுத்து எழும்புற ஆளா இருக்கும். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போறம்.”

வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். பாண் கியூவில் வைத்துச் சொன்னாளே, அதே கியூவில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சொல்லவேண்டும். உன் பிள்ளையின் பதினெட்டு என்னவென்று தெரியுமா மச்சாள் என்று தொடங்கவேண்டும். றெஜியின் தலையைத் தடவி, “நீதான்ரா முதலாம் பிள்ளை” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தான். ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் வருத்தத்தில் எனக்கு அவ்வளவு குளிர்ந்தது. அப்படித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

படலையைத் திறந்தேன். முற்றத்தில் சைக்கிள் நின்றது. அன்று கப்பல் இல்லை, ஆள் நேரத்தோடே வந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. இருமி முடிந்ததும் பிலோவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். திரும்பவும் இருமல்.

கிட்டக் கிட்டப் படுத்து எழும்புற ஆள்.

உள்ளே போய்த் தையல் மெசினில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். முதலில் பயம் வந்தது. மெலிந்து போயிருந்தார், நான்தான் போன மாதம் அவருடைய களிசானை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். பயத்துக்குப் பின்னாலேயே மற்றது வந்தது. இத்தனை வருசம் இந்த மனிசன் அந்தப் பிள்ளையை எவ்வளவு கொஞ்சினார் என்று யாரோ அடிமட்டம் வைத்து அளந்துவிட்டார்கள். பதினெட்டு. என் பிள்ளையைக் கொஞ்சியதையும் அளந்துவிட்டார்கள். அதில் ஒன்று இரண்டு போடச் சொல்லி நான் மேசையில் தட்டிச் சண்டை பிடித்திருக்கிறேன். தகப்பனுக்கு இந்த வருத்தம் இருந்தும் மகனுக்குத் தொற்றவில்லை என்றால், அந்தத் தகப்பன் எவ்வளவு தூரத்தில் இருந்திருப்பார்? றெஜியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவன் தப்பியதற்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தவேண்டும். ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது, அதுவும் ஆத்திரத்தில்.

மறுநாள் மிஸி எல்சியின் படலையில் வந்து நின்றாள். வெள்ளைச் சீருடையைக் கண்டதும் தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“இந்த வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள்?”

“நானும் பிள்ளையும்தான், மிஸி.”

“இருமல் உள்ள ஆக்கள்?”

“ஐயோ, ஒருத்தரும் இல்லை. என்ர மனிசன் செத்து வருசக்கணக்கு. ஆம்பிளை இல்லாத வீடு இது.”

சொல்லிவிட்டு எல்சி வேலியைப் பார்த்தாள். கிடுகுக்குள்ளால் நான் நிற்பது அவளுக்குத் தெரியும். அவள் கண்ணில் இருந்தது திமிர் இல்லை, கெஞ்சல். ஏன் என்றும் எனக்குத் தெரியும். சயரோகம் என்று ஒரு சொல் வெளியில் வந்தால் துறைமுகத்துக் கங்காணி அவரை நாளைக்கே நிற்பாட்டிவிடுவான். இரண்டு வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. அண்ணனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைச் சாகவிடப் பார்க்கிறாள் மடைச்சி.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மிஸி போய்விடுவாள். என் மானமும் தப்பும். ஆனால் அவர் இருமி இருமியே போய்விடுவார், பிலோவையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அவர் உயிரோடு வேண்டும். எல்சியிடம் விட்டுக்கொடுக்கவும் ஏலாது, மண்ணுக்கு விட்டுக்கொடுக்கவும் ஏலாது.

கடப்புக்குள்ளால் போனேன். தெருச் சனம் பார்க்க, முதல் தடவையாக.

“மிஸி, இருமுற ஆள் இருக்கு. என்ர புருசன்.”

“நீங்கள் பக்கத்து வீடெல்லோ? பூச்சியம் எடுத்த பெடியனின்ர தாய். உங்கட புருசன் உங்கட வீட்டில இருக்கேக்க அந்தப் பெடியனுக்கு வராமல் இந்தப் பிள்ளைக்கு எப்பிடி வரும்?” மிஸி நெற்றியைச் சுருக்கினாள். “அவர் எங்க படுக்கிறவர்?”

திரேசம்மா நின்றாள். கிணற்றடிக்காரிகள் எல்லோரும் நின்றார்கள்.

“இஞ்சதான்” என்றேன். “இந்த விறாந்தையில. கனகாலமா. என்ர வீட்டில சைக்கிள் மட்டும்தான் படுக்கிறது.”

யாரோ களுக்கென்று சிரித்தாள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்சி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. அவருடைய சளியை வாங்கிக்கொண்டு போனார்கள். கிருமி இருந்தது. பிலோவின் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, குளிசை போட்டால் போதும் என்றார்கள். அவரை ஆஸ்பத்திரியில் நிறுத்தி மாதக்கணக்கில் ஊசி போடவேண்டும், நேரத்தோடே பிடித்துவிட்டோம், சுகமாகிவிடும் என்று மிஸி சொன்னாள். அவர் என் முகத்தைப் பார்க்காமல், “காட்டிக் குடுத்திட்டாய்” என்றார். “ஓம்” என்றேன்.

அவரைக் கொண்டுபோக ஜீப் என் படலைக்குத்தான் வந்தது. அவர் பெயர் பதிந்த வீடு இது. அந்த வகையில் ஒரு சின்ன வெற்றி எனக்கு. துணிப்பையை நான்தான் கட்டினேன். எல்சி வேலிக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றாள்.

“பெடியனைக் கவனமாப் பாருங்கோ அக்கா” என்றாள் மிஸி. “அவருக்குச் சளியில கிருமி நிக்கும்வரைக்கும் கிட்ட விடாதேங்கோ. அந்தக் கை அப்பிடியே இருக்கவேணும்.”

அவர் ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்தார். என்ன நினைத்தாரோ, காலைத் திரும்ப இறக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிசருக்கு வருகிற பயம்தான் அவருக்கும் வந்திருக்கவேண்டும். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்தார். பிலோவைக் கூப்பிடவில்லை.

“றெஜி, வாடா ராசா. அப்பாட்ட வா.”

பிறந்த நாளிலிருந்து என் பிள்ளை கேட்காத சொல் அது. ராசாவாம். நான் எத்தனை தரம் அவனை முதுகில் தள்ளி, போடா, அப்பாட்டப் போடா என்று அனுப்பியிருப்பேன். அம்பு மாதிரிப் புறப்பட்டான். நான் எட்டி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

“விடுங்கோ அம்மா! அப்பா கூப்பிடுறார்!”

கடப்புக்குள்ளால் பிலோ ஓடிவந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. நேரே போய் அந்த விரித்த கைக்குள் விழுந்தாள். அவர் அவளை அணைத்துக்கொண்டு, அவள் தோளுக்கு மேலால் றெஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

றெஜி திமிறினான், காலால் உதைத்தான், பிறகு குனிந்து என் கையைக் கடித்தான். இரத்தம் வந்தது. ஜீப் திருப்பத்தில் மறையும்வரை நான் பிடியை விடவில்லை.